‘நான் டிப்ளமேட், உங்கள் சட்டம் எனக்குக் கிடையாது’ என்கிறார்: அம்மாவின் சம்பளப் பாக்கி கிடைக்குமா?

செந்தூலிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். யார், எந்த நாடு, எந்த வீடு என்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

இவருடைய அம்மாவுக்கு 51 வயது. ஜாலான் அம்பாங் பக்கம் ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரியின் வீட்டில் நான்கு வருடமாகச் சமையல் வேலை. காலையில் போய் இரவு எட்டு மணிக்கு மேல் எல்ஆர்டியில் திரும்புவார். ஞாயிறு லீவு. சம்பளம் மாதம் 1,800 ரிங்கிட். மேடம் ரொக்கமாக உறையில் போட்டுக் கொடுப்பார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. கடந்த ஐந்து மாதத்தில் இரண்டு முறை 500 ரிங்கிட் கொடுத்ததோடு சரி. ஆக, பாக்கி 8,000 ரிங்கிட். இன்னும் ஆறு வாரத்தில் அந்தக் குடும்பம் மாற்றலாகி நாட்டைவிட்டுப் போகிறது.

அம்மா பணத்தைக் கேட்டபோது, “நான் டிப்ளமேட், உங்கள் நாட்டுச் சட்டம் எனக்குக் கிடையாது” என்று அந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். மேடம் இன்னும் ஒரு படி மேலே போய், பிரச்சினை பண்ணினால் தங்கக் காப்பு ஒன்று காணவில்லை என்று போலீசில் சொல்லிவிடுவேன் என்றாராம். கூடவே, ‘எனக்கு வரவேண்டிய எல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்று ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அந்த வீடு உண்மையிலேயே வெளிநாட்டு மண்ணா? இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) எதுவும் கட்டாதது தப்பில்லையா? விஷயத்தை டிக்டாக்கில் போடலாமா? வீட்டுச் சாவி அம்மாவிடம்தான் இருக்கிறது, பாக்கிக்கு ஈடாக டிவியை எடுத்து வந்துவிடலாம் என்று தம்பி சொல்கிறாரே, சரியா? இவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். டிவியை யாரும் தொட வேண்டாம். உங்கள் அம்மா பக்கம் இன்று முழு நியாயம் இருக்கிறது. டிவி வாசலைத் தாண்டிய நிமிடம் அது திருட்டு வழக்கு. வழக்கிலிருந்து தூதரக அதிகாரிகளைக் காக்கும் விலக்குரிமை (‘இம்யூனிட்டி’) எதுவும் அம்மாவுக்குக் கிடையாது, நம் கோர்ட் அவரைத்தான் கூப்பிடும். தூதரக அதிகாரியின் வீட்டுக்கும் அவருடைய பொருளுக்கும் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு வேறு இருக்கிறது. தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மேடம் மிரட்டும் காப்புக் கதைக்கு நாமே உயிர் கொடுத்துவிடக் கூடாது. சாவியையும் நாளைக்கே ஒப்படைத்து, வாட்ஸ்அப்பில் “சாவியை இன்று கொடுத்துவிட்டேன்” என்று ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தத் தாளில் கையெழுத்தும் வேண்டாம். முழுப் பணமும் கைக்கு வந்த பிறகு, வந்த தொகையை எழுதி, படித்துப் பார்த்துப் போடலாம். அதற்கு முன் போட்டால் நான் கீழே சொல்லப்போகும் அத்தனை வழியும் கடினமாகிவிடும்.

சட்டம் அவருக்கும் உண்டு

“உங்கள் சட்டம் எனக்குக் கிடையாது” என்று அவர் சொன்னது தவறு. தூதர்களின் உரிமைகள் எல்லாம் 1961-ல் கையெழுத்தான வியன்னா உடன்படிக்கையிலிருந்து வருகின்றன. அதை நம் நாட்டுச் சட்டமாக்கியது 1966-ஆம் ஆண்டின் தூதரகச் சலுகைகள் சட்டம். அந்த உடன்படிக்கையின் 41-வது பிரிவு, சலுகை பெறும் ஒவ்வொருவரும் தாம் வேலை பார்க்கும் நாட்டின் சட்டதிட்டங்களை மதிக்கக் கடமைப்பட்டவர் என்று நேராகச் சொல்கிறது. வேலை வாங்கினால் சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற கடமை அவருக்கும் உண்டு. அதைக் கொடுக்காதபோது நம் கோர்ட் அவரை இழுத்து வைத்துக் கேட்பதற்குத்தான் தடை.

அந்தத் தடையும் அவருடைய சொந்தச் சொத்து கிடையாது. அவரை அனுப்பிய நாட்டுக்குச் சொந்தம். அந்த நாடு நினைத்தால் விலக்கிக்கொள்ளலாம், அவருடைய சம்மதம் தேவையில்லை. இதற்கு நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. 2014-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில், நம் தூதரக ஊழியர் ஒருவர் ஒரு பெண்ணின் வீடுவரை பின்தொடர்ந்து சென்று அத்துமீறினார் என்று குற்றம் சாட்டப்பட்டது. விலக்குரிமையோடு அவர் மலேசியா திரும்பினார். அங்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நம் அரசாங்கமே அவரைத் திருப்பி அனுப்பி வைத்தது. 2016-ல் அங்குள்ள நீதிமன்றம் அவருக்கு ஒன்பது மாத வீட்டுக்காவல் விதித்தது. ஆகவே, “என்னைத் தொட முடியாது” என்று ஒரு அதிகாரி சொன்னால், “உங்கள் அரசாங்கம் அப்படி நினைக்கும்வரை” என்று மனதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தட்ட வேண்டிய கதவும் அந்த அரசாங்கத்தின் கதவுதான்.

வெளிநாட்டு மண் என்பது

இது நம்மிடையே ரொம்ப நாளாக இருக்கும் நம்பிக்கை. ஜாலான் அம்பாங்கில் இருக்கும் வீடு மலேசிய மண்தான். தூதரகக் கட்டடமும் மலேசிய மண்தான். தலைமைத் தூதரின் அனுமதி இல்லாமல் நம் அதிகாரிகள் தூதரகத்துக்குள் நுழையக் கூடாது என்பது மட்டுமே விதி. தூதரக அதிகாரியின் வீட்டுக்கும் அதே பாதுகாப்பு. 2017 பிப்ரவரியில் கேஎல்ஐஏ 2-ல் கிம் ஜோங் நாம் கொலையானபோது இதை நாம் எல்லோரும் பார்த்தோம். போலீஸ் விசாரிக்க விரும்பியவர்களில் வடகொரியத் தூதரகத்தின் இரண்டாம் செயலாளர் ஒருவரும் இருந்தார். புக்கிட் டாமன்சாராவில் இருந்த அந்தத் தூதரகத்துக்குள் போலீஸ் புகுந்து அவரை இழுத்து வரவில்லை, வரவும் முடியாது. ஆனால் மலேசியா கை கட்டிக்கொண்டும் நிற்கவில்லை. மார்ச் 4-ஆம் தேதி அந்நாட்டுத் தூதரையே ‘வேண்டாதவர்’ என்று அறிவித்து வெளியே அனுப்பியது. நாடுகளுக்கு இடையில் வேலை செய்வது இந்த மாதிரி அழுத்தம்தான்.

உங்கள் அம்மாவுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்த வீட்டுக்குள் இருக்கும்போதும் அவர் மலேசியக் குடிமகளாக, மலேசியாவில்தான் இருக்கிறார். எந்த நேரமும் வெளியே வரலாம். யாரும் தடுத்து வைக்க உரிமையில்லை.

அவர் உண்மையில் என்ன பதவியில் இருக்கிறார்?

கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் இது. அவருடைய பெயர் அட்டையில் ‘அட்டாஷே’ என்று இருப்பதாகவும், காரில் ‘டிசி’ நம்பர் பிளேட் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றை வைத்து அவர் முழு விலக்குரிமை பெற்றவர் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அவசரப்பட வேண்டாம். தூதரகத்தில் வேலை செய்யும் எல்லோரும் ஒரே தட்டில் இல்லை.

தூதர், செயலாளர் போன்ற தூதரகப் பதவி உள்ளவர்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து முழு விலக்கு. சிவில் வழக்கிலும் ஏறக்குறைய முழு விலக்கு, மூன்றே விதிவிலக்குகள்: இங்கே சொந்தமாக வைத்திருக்கும் வீடு நிலம் பற்றிய வழக்கு, வாரிசுச் சொத்து வழக்கு, அலுவலுக்கு வெளியே செய்யும் தொழில் அல்லது வியாபாரம் பற்றிய வழக்கு. கூட வாழும் குடும்பத்தாருக்கும், அவர்கள் மலேசியக் குடிமக்களாக இல்லாதவரை, இதே பாதுகாப்பு உண்டு. அதனால் “சம்பளம் கொடுத்தது மேடம்தானே, அவர் மேல் வழக்குப் போடலாமா” என்ற உங்கள் யோசனை பலிக்காது.

ஆனால் நிர்வாக, தொழில்நுட்ப ஊழியர்கள் என்று ஒரு வகை இருக்கிறது. கணக்கர், தகவல் தொடர்புப் பணியாளர், அலுவலக உதவியாளர் போன்றவர்கள். இவர்களுக்குச் சிவில் வழக்கில் பாதுகாப்பு, தங்கள் அலுவல் கடமையில் செய்த காரியத்துக்கு மட்டும்தான். வீட்டுக்குச் சமையலுக்கு ஆள் வைப்பது யாருடைய அலுவல் கடமையும் இல்லை. ‘அட்டாஷே’ என்ற பெயர் சில நாடுகளில் தூதரகப் பதவி, சிலவற்றில் நிர்வாக ஊழியருக்கும் அதே பெயர். அவர் இந்த இரண்டாவது வகையாக இருந்தால் தொழிலாளர் இலாகா சாதாரண முதலாளியைப் போலவே அவரைக் கூப்பிடலாம். நம்பர் பிளேட்டைப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. யார் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பது புத்ராஜெயாவில் விஸ்மா புத்ராவுக்கு, அதாவது நம் வெளியுறவு அமைச்சுக்குத் தெரியும். ஒருவரின் தகுதி பற்றி நீதிமன்றத்தில் கேள்வி வந்தாலும் வெளியுறவு அமைச்சின் சான்றிதழே முடிவானது.

பினாங்கு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: துணைத் தூதரக அதிகாரிகளுக்கு வேறு சட்டம், 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை. அதில் பாதுகாப்பு இன்னும் குறைவு, அலுவல் காரியங்களுக்கு மட்டும். கௌரவத் தூதராக இருக்கும் உள்ளூர் வியாபாரி உங்கள் சம்பளத்தை நிறுத்திவிட்டு ‘இம்யூனிட்டி’ என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலாளி தூதரகமே என்றால், அதாவது சம்பளச் சீட்டு தூதரகப் பெயரில் வந்தால், கணக்கு இன்னொரு மாதிரி. அங்கே பேச்சு ஒரு நாட்டின் விலக்குரிமை பற்றியது. வணிகத் தன்மையுள்ள காரியங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று நம் உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. கோலாலம்பூரில் ஒரு தூதரகம் 2008-ல் வேலையிலிருந்து நிறுத்திய பாதுகாவலரின் வழக்கைத் தொழில்துறை நீதிமன்றம் விசாரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் வழிவிட்டதும் உண்டு. உங்கள் அம்மாவுக்கு மேடம் கையால் ரொக்கம் வந்ததால் இது பொருந்தாது என்று நினைக்கிறேன்.

பாக்கி எவ்வளவு, எது சட்டப்படி வரவேண்டியது

இங்கே உங்கள் எண்ணத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. வீட்டு வேலையாட்களுக்கு இபிஎஃப் கட்டாயம் இல்லை. விரும்பினால் சேரலாம், அவ்வளவுதான். அதனால் கடிதத்தில் இபிஎஃப் பற்றிக் குற்றம் சாட்டாதீர்கள். ஒரு தவறான குற்றச்சாட்டு இருந்தால், மற்ற சரியானவற்றின் மேலும் சந்தேகம் வரும். குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் வீட்டு வேலைக்குப் பொருந்தாது. நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன், ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

சொக்சோ வேறு. 2021 ஜூன் 1 முதல் வீட்டு வேலையாட்களுக்கும் அது கட்டாயம். வியன்னா உடன்படிக்கையின் 33-வது பிரிவு, உள்ளூர் ஆளை வேலைக்கு வைக்கும் தூதரக அதிகாரி இந்நாட்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதலாளிக்குரிய கடமையைச் செய்ய வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது. இதைக் கடிதத்தில் தயங்காமல் எழுதுங்கள். தூதரகத்தில் படிப்பவர்களுக்கு அந்தப் பிரிவின் எண் போதும், புரிந்துகொள்வார்கள்.

சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தர வேண்டும் என்ற வேலைவாய்ப்புச் சட்ட விதி வீட்டு வேலைக்கும் உண்டு. வேறு பேச்சு இல்லாத பட்சத்தில், வேலையை நிறுத்த 14 நாள் நோட்டீஸ், அல்லது அந்த 14 நாள் சம்பளம். ஆக 8,000 ரிங்கிட்டோடு, முன்கூட்டிச் சொல்லாமல் நிறுத்தினால் அதையும் சேர்த்துக் கேட்கலாம்.

இந்த ஆறு வாரத்தில்

முதல் கடிதம் அதிகாரிக்கே போகட்டும். ஒரு பக்கம், ஆங்கிலத்தில், மரியாதையாக. எந்த மாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் வேண்டும். பத்து நாள் கெடு கொடுங்கள். காப்பு மிரட்டலை இதில் எழுத வேண்டாம்.

பதில் இல்லையென்றால் இரண்டாவது கடிதம் தலைமைத் தூதருக்கு. காமன்வெல்த் நாடு என்றால் ஹை கமிஷனருக்கு. முதல் கடிதத்தின் நகலை இணையுங்கள். இதன் நகல் ஒன்று விஸ்மா புத்ராவின் புரோட்டோகோல் பிரிவுக்குப் போகட்டும். இங்கே விஸ்மா புத்ராவால் “பணத்தைக் கொடு” என்று உத்தரவிட முடியாது. ஆனால் தூதரகத்தைக் கேட்கலாம், விலக்குரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லலாம். அடுத்த பதவிக்குக் கிளம்பும் ஒரு அதிகாரியின் பெயர், ஒரு சமையற்காரரின் 8,000 ரிங்கிட்டுக்காகத் தலைமைத் தூதரின் மேசைக்குப் போவதை அவர் விரும்ப மாட்டார். பல வருடங்களுக்கு முன் ஒரு ஓட்டுநருக்காக இப்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது கடிதம் போன ஒன்பதாம் நாள் பணம் வந்தது. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அவர் இங்கே இருக்கும்வரைதான் இந்தக் கடிதங்களுக்குப் பலம்.

அதே வாரத்தில் தொழிலாளர் இலாகாவில், ஜேடிகே என்று நாம் சொல்லும் இடத்தில், புகாரைப் பதிவு செய்யுங்கள். “தூதரக ஆள், எங்களால் முடியாது” என்று முகப்பில் சொன்னாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லி, நகலில் முத்திரை வாங்குங்கள். அவர் நிர்வாக ஊழியராக இருந்தால் இந்தப் புகாரே வழக்கை நடத்திவிடும். செலவு பற்றிப் பயப்பட வேண்டாம், கோலாலம்பூரில் பார் கவுன்சிலின் சட்ட உதவி மையம் இருக்கிறது. வீட்டு வேலைப் பெண்களுக்காக நெடுநாளாக உழைக்கும் தெனாகானித்தா அமைப்பும் வழிகாட்டும்.

டிக்டாக் இப்போது வேண்டாம். பெயரோடு போட்டால் அவதூறு என்று பேச்சு திரும்பும், சமரசத்துக்கு வர நினைப்பவரும் முறுக்கிக்கொள்வார். உறவினர்களைச் சேர்த்துக்கொண்டு தூதரக வாசலில் போய் நிற்பதும் வேண்டாம். தூதரகத்தின் அமைதியைக் காப்பது நம் போலீசின் கடமை, உங்களைத்தான் கலைப்பார்கள்.

காப்பு மிரட்டல்

இது அம்மாவின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து ஸ்டேஷனில் ஒரு ரிப்போர்ட் போடுங்கள்: சம்பளம் கேட்டதற்கு, எந்தத் தேதியில், இப்படிச் சொல்லி மிரட்டினார் என்று. அவர்கள் மேல் வழக்கு வராது, ஆனால் நாளை காப்புப் புகார் வந்தால் உங்கள் ரிப்போர்ட் அதற்கு முந்தைய தேதியில் இருக்கும். அதன் மதிப்பு பெரிது. அம்மாவை விசாரணைக்குக் கூப்பிட்டால் வக்கீலோடு போகலாம். அப்புறம் இன்னொன்று: அந்த அதிகாரி நம் கோர்ட்டில் அம்மா மேல் தானே சிவில் வழக்குப் போட்டால், அதோடு நேரடித் தொடர்புள்ள எதிர்வழக்குக்கு அவர் விலக்குரிமை கேட்க முடியாது. கோர்ட் கதவை அவரே திறந்துவிட்டவர் ஆகிறார். விவரம் தெரிந்த அதிகாரி அந்தப் பக்கமே போக மாட்டார்.

அவர் போய்விட்டால்

பதவி முடிந்து நாட்டைவிட்டுப் போனதும், அலுவல் காரியங்களுக்கு மட்டுமே விலக்குரிமை மிஞ்சும். வீட்டு வேலைக்கு ஆள் வைத்தது அதில் சேராது என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இரண்டு நாட்டிலும் உடன்படிக்கை ஒன்றே என்பதால் வாதத்துக்கு நல்ல ஆதாரம். சம்பளப் பாக்கிக்கு வழக்குப் போட ஆறு வருட அவகாசம் இருக்கிறது. அவருடைய சொந்த நாட்டுக் கோர்ட்டிலும் வழக்குப் போடலாம், அங்கே அவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: கடல் தாண்டி இருப்பவரிடம் 8,000 ரிங்கிட் வசூலிக்க, அதைவிட அதிகம் செலவாகலாம். அதனால்தான் ஆறு வாரம், ஆறு வாரம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

2022-ல் அதே பிரிட்டிஷ் நீதிமன்றம், பதவியில் இருக்கும் தூதரக அதிகாரி மேலேயே ஒரு வீட்டு வேலைப் பெண் வழக்குப் போடலாம் என்று சொன்னதை யாரோ உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண் வீட்டுக்குள் அடைத்துவைக்கப்பட்டு, சம்பளமில்லாமல் வேலை வாங்கப்பட்டதாகச் சொன்னவர். அடிமை வேலை வாங்கி லாபம் அடைவது வியாபாரத்துக்குச் சமம் என்பது அந்தத் தீர்ப்பின் வாதம், அதுவும் ஐந்தில் மூன்று நீதிபதிகளின் கருத்து. உங்கள் அம்மா தினமும் வீடு திரும்புகிறார், ஞாயிறு லீவு எடுக்கிறார். அவருக்கு அது பொருந்தாது. ஆனால் இதைப் படிக்கும் யாருக்காவது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்து வெளியே விடாமல் வேலை வாங்கப்படும் ஒரு பெண்ணைத் தெரிந்திருந்தால், இதைச் சம்பளத் தகராறு என்று நினைக்காதீர்கள். அது ஆள் கடத்தல் சட்டத்துக்குள் வரும், உடனே சொல்லுங்கள்.

சகோதரி, ஒப்பந்தம் எழுத்தில் இல்லையே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். சம்பளம் வாங்கிய ஒவ்வொரு நாளும் உங்கள் வீட்டு மளிகைக்கடைக் காலண்டரில் அம்மா தொகையைக் குறித்து வைத்திருப்பதாகச் சொல்கிறீர்களே, அந்த நான்கு வருடக் காலண்டர்களையும் தேடி எடுங்கள். ஒவ்வொரு தாளையும் போட்டோ பிடியுங்கள். மேடத்தின் வாட்ஸ்அப் குரல் பதிவுகளை அழிக்காமல் இன்னொரு போனுக்கும் அனுப்பி வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்து மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். திங்கட்கிழமை முதல் கடிதம் போகட்டும்.